வாடிய கனகாம்பரத்தைப் பிடுங்கிப் பார்த்தபோது: எங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு: மதுரை, மாடித் தோட்டம்

எங்கள் வீட்டு மாடியில் எட்டு ஆண்டுகளாகக் கனகாம்பரம் வளர்த்து வருகிறேன். இரண்டடி உயரத்துக்குள் நின்று, ஒரு தொட்டிக்குள் அடங்கி, ஒரு முறை வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓயாமல் பூக்கிற செடி இது. இடம் குறைந்தவர்களுக்கு இதைவிடத் தோதான பூச்செடி வேறில்லை என்பதே என் எண்ணம். மணமில்லாத பூ என்று சிலர் குறை சொல்வார்கள். மல்லிகை வைத்தாலே தலைவலி வந்துவிடும் என் மாமியாருக்கு அதுவே நிறையாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் இழந்த செடிகளைக் கணக்கெடுத்தால், பூச்சி தின்றோ வெயிலில் காய்ந்தோ போனவை மிகச் சில. மற்றவை எல்லாம் கதிர் நிறையப் பூத்துக்கொண்டிருக்கும்போதே ஒரே வாரத்தில் தலை கவிழ்ந்தவை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு நர்சரியிலிருந்து பன்னிரண்டு டெல்லி கனகாம்பரக் கன்றுகளை வாங்கி வந்து வைத்தேன். ஐப்பசியில் பூக்கத் தொடங்கியது. கனகாம்பரம் கதிரின் அடியிலிருந்து மேல் நோக்கி, இரண்டிரண்டாக மலரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் பறித்தால் கணக்குச் சரியாக இருக்கும். பன்னிரண்டு செடியிலிருந்து கிடைத்த பூவை மல்லிகையோடு இடையிட்டு வாழைநாரில் தொடுத்தால் இரண்டு பேர் தலைக்கு வரும். தை பிறந்ததும் நான்கு செடிகளின் கீழ் இலைகள் ஓரத்தில் இளஞ்சிவப்பாக மாறின. உச்சி வெயிலில் இலைகள் துவண்டு, மாலையில் மறுபடி நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, காலையில் ஒரு குவளை ஊற்றியதோடு மாலையிலும் ஒரு குவளை ஊற்றினேன். பத்தே நாளில் அந்த நான்கும் போய்விட்டன. அடுத்த வரிசையில் இரண்டு துவளத் தொடங்கின.

பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் துணி காயப்போட மாடிக்கு வந்தவர், தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மண்ணு ஈரமா இருக்கிறப்பவே செடி வாடுதுன்னா அது தண்ணிக்கு வாடலடி. பிடுங்கிக் கழுவிப் பாரு" என்றார். வாளித் தண்ணீரில் வேரை அலசினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேரில் பழுப்பும் கறுப்புமாகக் கீறல் கீறலான தழும்புகள் இருந்தன. இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் மிஞ்சியது. இன்னொரு செடியின் வேரில் கேழ்வரகு அளவில் முடிச்சுகள் இருந்தன. நகத்தால் கிள்ளினாலும் அவை உதிரவில்லை. வேரே வீங்கி முடிச்சாகியிருந்தது.

வேளாண் அலுவலர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டிய பிறகே விவரம் புரிந்தது. தழும்பு உண்டாக்குவது வேர் அழுகல் நூற்புழு. முடிச்சு உண்டாக்குவது வேர்முடிச்சு நூற்புழு. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அளவுடையவை. அவை வேரில் போட்ட காயத்தின் வழியாக மண்ணிலிருக்கும் பியூசேரியம் என்ற பூஞ்சை உள்ளே புகுந்து நீர் ஏறும் பாதையை அடைத்துவிடுகிறது. வேரால் உறிஞ்ச முடியாத செடிக்கு நான் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, பூஞ்சைக்கு வேண்டிய ஈரத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். வாடல் வரிசையாகப் பரவியதற்கும் காரணம் கிடைத்தது. மேட்டிலிருந்த தொட்டிகளின் வடிநீர், தரையில் உட்கார்ந்திருந்த பள்ளத்துத் தொட்டிகளின் அடித்துளை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு தொட்டியும் செங்கல் மேல் நிற்கிறது.

செத்த செடிகளை உரக்குழியில் போடாமல் எரித்தேன். சித்திரை வெயிலில் மண்ணை மாடியில் அரை அடிக்கும் குறைவான கனத்தில் பரப்பி, ஈரமாக்கி, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து, அக்கினி நட்சத்திரம் முடியும்வரை விட்டேன். பிறகு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குக் கலந்து, கனகாம்பரத்தை வைக்காமல், ஒரு போகம் செண்டுமல்லி வைத்தேன். செண்டுமல்லியின் வேர் இந்த நூற்புழுக்களைக் குறைக்கும். அதற்குப் பின் வைத்த ஒன்பது செடிகளில் இதுவரை ஒன்றுதான் போயிருக்கிறது. இதே போன்ற வாடலைக் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நிலக்கோட்டைப் பக்கம், இருபது சென்ட் தோட்டம்

தாங்கள் தொட்டியில் கண்டதை நாங்கள் காட்டில் காண்கிறோம். அங்கே அது வட்டத் திட்டாகத் தெரியும். நடுவில் நான்கு செடி குட்டையாகி வெளுக்கும், அடுத்த மாதம் அந்த வட்டம் பாய் அகலத்துக்கு விரியும். முதல் முறை நாங்கள் செய்த தவறு, கத்தரி போட்டிருந்த இடத்திலேயே கனகாம்பரத்தை நட்டது. கத்தரிக்கும் தக்காளிக்கும் வருவது அதே வேர்முடிச்சு நூற்புழுதான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டு எடுக்க வேண்டிய பூவை அந்தத் தோட்டம் தரவேயில்லை.

நாங்கள் வைப்பது விதையில் வரும் ஆரஞ்சு நாட்டு ரகம். டெல்லி ரகம் மும்மடியம், அதாவது அதன் செல்லில் இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருக்கும் என்பதால் விதை பிடிக்காது. குச்சி வெட்டித்தான் பெருக்க வேண்டும். அதில் ஒரு வினை இருக்கிறது: கன்றின் அடியில் ஒட்டியிருக்கும் பிடி மண்ணோடு அந்த ஊர் நூற்புழுவும் நம் ஊருக்கு வந்துவிடும். தங்கள் பன்னிரண்டு கன்றுகளும் அப்படி வந்தவையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். விதையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் விதை எடுப்பது தனிப் பாடு. முற்றிக் காய்ந்த காயில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் பட்டென்று வெடித்து விதை சிதறிவிடும். பனி விழுந்த காலையில் செடிகளுக்கு நடுவே நின்றால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அதனால் மழை இருட்டுவதற்கு முன்பே காய்ந்த கதிர்களை வெட்டி, சாக்கு விரித்து, அதன் மேல் வேட்டியால் மூடி, லேசாகத் தண்ணீர் தெளிப்போம். அரை மணி நேரத்தில் எல்லாம் வெடித்து விதை சாக்கில் தங்கிவிடும். எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தீபாவளி.

மறுமொழி: சென்னை, அடுக்குமாடி பால்கனி

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இதுபோன்ற எச்சரிக்கை ஒன்றைப் படித்துவிட்டு, இலை மஞ்சளான செடி ஒன்றை நூற்புழுதான் என்று முடிவு செய்து பிடுங்கிவிட்டேன். வேர் பாலைப்போல வெள்ளையாக இருந்தது. பூத்துக்கொண்டிருந்த செடியை வீணாகக் கொன்றதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பிறகுதான் மற்றச் செடிகளை உற்றுப் பார்த்தேன். மஞ்சளானவை கீழ் இலைகள் அல்ல, நுனியில் வரும் இளந்தளிர்கள். அவற்றிலும் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுத்திருந்தது. அது இரும்புச்சத்துக் குறைபாடு. எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீர் வாளியில் வெள்ளைப் படலம் விடும் கடின நீர். அதை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் இரண்டாம் முறை தெளித்தபோது புதுத் தளிர் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. பால்கனிக் கைப்பிடிச் சுவரில் தெறித்த துருக்கறை மட்டும் இன்னும் போகவில்லை.

முதல் பதிவிட்டவரின் மறுமொழி: மதுரை

நிலக்கோட்டை ஐயாவின் சந்தேகம் சரியாக இருக்கக்கூடும். அந்த நர்சரிக் கன்றுகளை நான் பையை மட்டும் கிழித்துவிட்டு மண்ணோடுதான் வைத்தேன். அதன் பிறகு நானே, முற்றியதாகவும் இளசாகவும் இல்லாத கிளையில் அரை சாண் குச்சியாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றி வைக்கிறேன். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடுகிறது. பூத்து முடிந்த கதிர்களை அடியோடு நறுக்குவதால் குச்சிக்கும் பஞ்சமில்லை. நறுக்கிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு கிளை வருகிறது.

சென்னைச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். செடியைப் பிடுங்காமலேயே வேரைப் பார்க்கலாம். தொட்டியின் ஓரத்தில், சுவரை ஒட்டிப் பழைய கரண்டியால் நான்கு விரல் ஆழம் தோண்டி, விரல் நீள வேர் ஒன்றைக் கிள்ளி எடுத்துக் கழுவிப் பார்த்தால் போதும். நான் மாதம் ஒரு முறை இப்படிப் பார்க்கிறேன். நேற்றுப் பார்த்ததில் எட்டுச் செடிகளில் ஏழின் வேர் வெள்ளையாக இருந்தது. எட்டாவதில் ஒரு சிறு பழுப்புக் கோடு இருந்ததால், அந்தத் தொட்டியை மட்டும் படிக்கட்டுப் பக்கம் தனியாக நகர்த்தி வைத்திருக்கிறேன்.