சர்க்கரை வேருக்கு இறங்குவதை எப்படிக் காட்டுவது?

மகளுக்காக ஒரு வெள்ளைப் பூவை நீல மை கலந்த தண்ணீரில் வைத்தேன். மறுநாள் இதழ் நரம்பெல்லாம் நீலம். இலைத்துளைகளில் நீர் ஆவியாக ஆவியாக, சைலம் என்ற நீர்க்குழாய்த் திசு வழியே தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது என்று பெருமையாக விளக்கினேன். சரி, அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். "இலை சமைச்ச சர்க்கரை வேருக்குப் போறதையும் காட்டுங்கப்பா" என்கிறாள்.

அது புளோயம் வேலை, அதாவது பட்டையோடு சேர்ந்திருக்கும், சர்க்கரையைக் கடத்தும் திசுவின் வேலை. கிளையில் பட்டையை வளையமாக உரித்தால் இலை உடனே வாடாது, வளையத்தின் மேல் விளிம்பு மட்டும் நாளடைவில் தடித்துவரும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கிளைக்கும் காயம்.

செடியை நோகடிக்காமல் ஓரிரு நாளில் காட்ட வழி உண்டா? மாலையில் பறித்த இலை, விடியும் முன் பறித்த இலை, இரண்டையும் பச்சையம் நீக்கி, இலையில் சேர்ந்த மாவுச்சத்தைக் கருநீலமாகக் காட்டும் அயோடினை விட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.