செவ்வரத்தைத் துண்டு தளிர்க்கிறது, வேர் மட்டும் வரவில்லை

பூந்தொட்டி, வெள்ளவத்தை:
மொட்டைமாடிச் செவ்வரத்தையில் பத்துத் துண்டு வெட்டி, ஓர் இரவு செவ்விளநீரில் ஊறவைத்து நட்டேன். இரண்டு வாரத்தில் எல்லாம் தளிர்த்தன. பிறகு எட்டின் அடி கறுத்து அழுகிவிட்டது. இப்போது வேர்விடத் தூண்டும் ஐபிஏ (IBA) தூள் 1 கிராம் வாங்கியிருக்கிறேன். எப்படிக் கரைப்பது? தண்ணீரில் கரையவே இல்லை.

வேரடி:
இளநீர்தான் முதற் பிழை. அதில் சைற்றோகைனின் என்ற தாவர ஓமோன் இருக்கிறது. அது தளிரைத் தூண்டும், வேர் உருவாவதைத் தடுக்கும். ஒட்சின் என்ற இன்னொரு ஓமோன் கூடினால் வேர், சைற்றோகைனின் கூடினால் தளிர் என்று 1957இலேயே ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் புகையிலை இழையத்தில் காட்டிவிட்டார்கள். இளநீரின் சீனி பூஞ்சைக்கும் விருந்து.

ஐபிஏயும் ஒட்சின்தான். தூளை முழுதாக 100 மில்லிலீற்றர் 70 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் கரையுங்கள். இது 10,000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10,000 பங்கு) மூலக் கரைசல். தோய்க்க வேண்டியது 2000 பிபிஎம்; அதற்கென வீட்டுத் தராசில் 200 மில்லிகிராம் நிறுக்கும் தொல்லை இல்லை. இதில் 20 மில்லிலீற்றர் எடுத்து, அதே அல்ககோல் 50, காய்ச்சி வடித்த நீர் 30 சேர்த்தால் 2000 பிபிஎம். வெறும் நீரால் ஐதாக்கினால் பால்போல் கலங்கி ஐபிஏ அடியில் படிந்துவிடும். மூலக் கரைசல் கபில நிறப் போத்தலில், குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

பென்சில் பருமனான அரைமுற்றிய கிளையில் 12 சென்ரிமீற்றர் துண்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. நுனியில் இரண்டு இலை, அவையும் பாதியாக. அடியின் 2 சென்ரிமீற்றரை 2000 பிபிஎம் கரைசலில் 5 விநாடி மட்டும் தோய்த்து, அல்ககோல் காய்ந்தபின் நடுங்கள். நிமிடக்கணக்கில் விட்டால் அல்ககோலே இழையத்தைக் கருக்கிவிடும்.

மழைநிழல்:
நடும் ஊடகத்தையும் பாருங்கள். தனித் தும்புத்தூள் கொழும்பு ஈரப்பதனில் காயாது, அடிக்குக் காற்று கிடைக்காது. ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிக்குச் சரி. மேலே பொலித்தீன் பை, நேர்வெயில் வேண்டாம். தலைகீழாக நடாதீர்கள்: ஒட்சின் நுனியிலிருந்து அடிநோக்கியே கடத்தப்படும், திருப்பி நட்டாலும் அந்தத் திசை மாறாது.

பூந்தொட்டி:
நன்றி. வேர் வரும்வரை வாரம் ஒருமுறை ஐபிஏ ஊற்றலாமா?

வேரடி:
வேண்டவே வேண்டாம். வேர்முளை தோன்றத்தான் அதிக ஒட்சின் வேண்டும். தோன்றிய வேர் நீள்வதை அதே அளவு தடுத்துவிடும். கூடவே எதிலீன் என்ற வாயு ஓமோனும் பெருகி இலை மஞ்சளாகி உதிரும். ஒரே ஒரு தோய்ப்பு, பிறகு நான்கு தொடக்கம் ஆறு வாரம் பொறுமை. இழுத்துப் பார்க்காதீர்கள், நுண்வேர் அறுந்துவிடும். சிறு கிண்ணத்தில் 10 மில்லிலீற்றர் ஊற்றித் தோய்த்தால் போதும். மிஞ்சியதைப் போத்தலில் திருப்பி ஊற்றவேண்டாம். ஒரு துண்டின் நோய் எல்லாவற்றுக்கும் போய்விடும்.