வெந்நீர்த் திரிபா, விகாரமா?

நண்பர்களே,
வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு படம் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் கிளிகா முனை, கடலோரச் செங்குத்துப் பாறை. நடுவே விரல்கனத்துக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் நாளம், அதாவது வெடிப்பை நிரப்பிய கனிமக் கோடு. இருபக்கமும் வேட்டிக்கரை போலச் சாம்பல் பட்டை. அதற்கப்பால் சாதாரண கிரானைட். வெடிப்பு வழியே ஏறிய சூடான நீர் கிரானைட்டில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைத் தின்றுவிட்டு குவார்ட்ஸ், வெள்ளை மைக்கா, கொஞ்சம் புஷ்பராகம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெள்ளீயமும் டங்ஸ்டனும் கிடைத்தது இங்கேதான். இந்த மாற்றத்துக்குத் தமிழில் என்ன சொல்? 'உருமாற்றம்' என்றால் உருமாறிய பாறையோடு குழம்புகிறது. 'சிதைவு' என்றால் பிள்ளைகள் வெயில், மழை என்கிறார்கள்.

---

ஐயா,
சொற்கள் புணரும்போது நேரும் மாற்றங்களுக்கு நன்னூலார் எப்போதோ தந்துவிட்டார்: 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்'. புஷ்பராகம் தோன்றல். ஃபெல்ட்ஸ்பார் மைக்காவானது திரிதல். சோடியம் கரைந்து போனது கெடுதல். மூன்றும் ஒரே கல்லில்! ஆகவே 'வெந்நீர் விகாரம்'.

---

விகாரம் என்றால் என் மாணவிகள் முகத்தைச் சுளிப்பார்கள். வடசொல் வேறு. தொல்காப்பியர் 'மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல்' மூன்றையும் திரிபு என்றே அடக்குகிறார். மெய்பிறிதாதல் என்பதையே பாருங்கள்: அதே கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டல் சீனக்களிமண் குழிகளில் ஃபெல்ட்ஸ்பார் படிகத்தின் கட்டம் அப்படியே தெரியும், விரலால் அழுத்தினால் வெள்ளை மாவு. என் ஓட்டு 'வெந்நீர்த் திரிபு'.

---

அம்மா, பால் திரிந்தது, புத்தி திரிந்தது என்றுதானே ஊரில் சொல்வார்கள்? கல்லுமா திரியும்? :-)
அப்புறம், 300 டிகிரிக்கு மேல் இருப்பது வெந்நீரா? குளிக்கவா போகிறோம்? அழுத்தத்தால் கொதிக்காமல் கிடக்கிற நீர் அது. 'அழல்நீர்' எனலாம். ஏற்கெனவே புழங்கும் 'நீர்வெப்ப மாற்றம்' போதும் என்பாரும் உண்டு. அதில் பழி முழுக்க வெப்பத்தின் மேல் விழுகிறது. வேலை செய்தது நீரில் கரைந்திருந்த சரக்கு, முக்கியமாக ஃப்ளூரின்.

---

சரி, நாளை அச்சுக்குப் போக வேண்டும். 'வெந்நீர்த் திரிபு' என்றே போடுகிறேன். மூன்று பேர் ஆதரவு, அதில் ஒருவர் அலுத்துப்போய். சாம்பல் பட்டைக்கு 'கிரைசன்' அப்படியே இருக்கட்டும், ஜெர்மன் சுரங்கக்காரர்கள் வைத்த பேர். நாளமா நரம்பா என்பதைத் தயவுசெய்து இப்போது தொடங்காதீர்கள்.

---

போடுங்கள். என் மறுப்பையும் பதிவு செய்யுங்கள். செயின்ட் ஆஸ்டல் களிமண்ணில் பாதி வேலை சூடாறிய பின் மழைநீர் செய்ததா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அது தீர்ந்த பிறகு 'வெந்' சேருங்கள். அதுவரை எனக்கு வெறும் 'நீர்த்திரிபு'தான்.