எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்று சின்ன மையத்திலேயே பார்க்க வழி உண்டா?

லேப்_தெற்கு:
எங்களுடையது லிங்க் ஏ.ஆர்.டி. சென்டர், அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் சின்ன மையம். முக்கால்வாசிப் பேர் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த டி.எல்.டி. மாத்திரைதான். ரத்தத்தை எடுத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரிசல்ட் வருவதற்குள் அவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா, வயது 58, எடை 42 கிலோ, கால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்றார். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.1, தாளில் நார்மல். விரலில் குத்திப் பார்க்கும் கிரியாட்டினின் மெஷின் கேட்டு வாங்கலாமா?

டாக்டர்_மதுரைப்பக்கம்:
தம்பி, அந்த 1.1ஐ நம்பி விட்டுவிடாதீர்கள். வயது, எடையைப் போட்டுக் காக்ராஃப்ட் கால்ட் கணக்குப் பாருங்கள், கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு, 37 மி.லி.தான் வருகிறது, 50க்குக் கீழே போனாலே டெனோஃபோவிரைப் பற்றி யோசிக்க வேண்டும். இன்னொரு பக்கம், டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் மாதத்தில் கிரியாட்டினின் 0.1, 0.2 ஏறும், அது சிறுநீரகம் கெட்டதால் அல்ல, கிரியாட்டினின் வெளியேறும் வழியை அந்த மருந்து கொஞ்சம் அடைப்பதால். மெஷின் வந்தாலும் இந்த இரண்டும் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் பயனில்லை.

முதலில் யூரின் ஸ்ட்ரிப் போடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை, கூடவே புரதம் என்றால் டெனோஃபோவிர் சிறுநீரகக் குழாயைத் தொட்டிருக்கலாம். எலும்பு வலியும் அதனோடு சேர்ந்து வரக்கூடியதுதான். அன்றைக்கே ஏ.ஆர்.டி. டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், ஹெபடைட்டிஸ் பி இருந்தால் திடீரென நிறுத்துவது ஈரலுக்கு ஆபத்து.

சிஸ்டர்_வார்டு:
அந்த அம்மா வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களா? மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தினமும் போடுபவர்கள் நிறைய. டெனோஃபோவிரோடு அது சேரவே கூடாது. அப்புறம், ஜிடோவுடின் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தசோகை வரலாம், அதனால் முதல் சில மாதம் விரல் குத்தி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், அந்த மெஷின் பெரும்பாலும் கர்ப்பிணிகள் பார்க்கும் அறையிலேயே இருக்கும்.

காகித_சோதனை:
மெஷின்தான் வேண்டும் என்றில்லை. ஈரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் ஏ.எல்.டி. நொதியை ஒரு சொட்டு விரல் ரத்தத்தில் நிறம் மாறிக் காட்டும் காகிதச் சோதனையை வியட்நாமில் ஹோ சி மின் நகர ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடமே பரிசோதித்தார்கள். காசநோய் மருந்தும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு அப்படி ஒன்று கையில் கிடைக்க வேண்டும், அவர்களுக்குத்தான் ஈரல் பயம் அதிகம். கிரியாட்டினினுக்குக் கையடக்க மெஷின் இருக்கிறது, ஆனால் வாங்கினால் உங்கள் மாவட்ட லேப் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள், ஸ்ட்ரிப்பை வெயிலில் வைக்காதீர்கள்.

லேப்_தெற்கு:
சரி சார், நன்றி சிஸ்டர். மகப்பேறு அறையில் ஸ்ட்ரிப் டப்பா இருக்கிறது, கேட்டு வாங்குகிறேன். அந்த அம்மாவை இன்றைக்கே போனில் பிடிக்கிறேன்.