குர்லாவுக்கு ஒரு டிக்கெட்

சயான்காரன்:

எல்லாரும் விசுவாசத்துல தைரியம் வந்த கதைய சொல்றீங்க, நானும் சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்கு சின்ன வயசுலேருந்தே திக்குவாய். அதுலயும் 'க' வர்ற வார்த்தைன்னா தொண்டையில பூட்டு போட்ட மாதிரி நின்னுடும். அப்பா தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துலேருந்து மும்பை தாராவிக்கு வந்தவரு, நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான், தமிழ் இந்தி மராத்தி மூணுலயும் திக்குவேன், அந்த விஷயத்துல எனக்கு பாரபட்சமே கிடையாது.

ஆபீஸுக்கு சயான்லேருந்து பைகுலா வரைக்கும் பாஸ் இருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் குர்லால எங்க அக்கா வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு போவேன், அந்தப் பக்கம் பாஸ் செல்லாது, டிக்கெட் எடுக்கணும். கவுண்டர்ல போய் 'குர்லா'ன்னு சொல்லணும், அவ்ளோதான். ஒருநாள் கு.. கு..ன்னு நிக்கிறேன், பின்னாடி பெரிய லைனு, ஒருத்தன் 'அரே போல் நா பாய்' (அட சொல்லுப்பா)ங்கிறான், கடைசியில என் வாயிலேருந்து வழுக்கிட்டு வந்தது 'வித்யாவிஹார்'. குர்லாவுக்கு அடுத்த ஸ்டேஷன். டிக்கெட்ட வாங்கி குர்லாலயே இறங்கிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல எனக்கு வித்யாவிஹார் டிக்கெட்தான். திக்குறவங்களுக்கு இது புதுசா இருக்காது, காபி கேக்க வராம டீ குடிச்சிட்டு வந்த ஆளுங்கதானே நாம.

இதுக்கு நடுவுல ஒரு கன்வென்ஷனுக்கு கூட்டிட்டு போனாங்க. வந்திருந்த ஊழியக்காரர் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணிட்டு, மைக்க என் வாய்கிட்ட நீட்டி 'உன் பேரைச் சொல்லு'ன்னாரு. என் பேரும் 'க'வுலதான் ஆரம்பிக்கும். அத்தனை ஜனமும் பாக்குது, எனக்கு உதடு மட்டும் ஆடுது. 'விசுவாசம் பத்தல தம்பி'ன்னுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. அம்மா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒண்ணும் பேசல, முந்தானைய வாயில வச்சிக்கிட்டே வந்தாங்க.

அந்த வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்குன்னு ஆளுக்கு ஒண்ணா வர்ற பைபிள் வசன அட்டை) 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு'. பீரோ கண்ணாடியில ஒட்டி வச்சு தினமும் காலையில பத்து தடவை சொல்வேன், ஒரு தடவை கூட திக்காது. ஆகா சரியாயிடுச்சுன்னு ஸ்டேஷனுக்குப் போனா பழைய குருடி கதவைத் திறடிதான். பாந்த்ராவுல அலி யாவர் ஜங் இன்ஸ்டிட்யூட்னு பேச்சு, செவித்திறனுக்கான மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு இருக்கு, அங்க தெரபிக்கு போன அப்புறம்தான் தெரிஞ்சது, தனியா பேசும்போது திக்குறவங்கள்ல முக்காவாசி பேருக்கு திக்கல் ரொம்ப குறைஞ்சிடுமாம். பாடும்போதும், நாலு பேரோட சேர்ந்து ஒரே குரலா வாசிக்கும்போதும் அப்படித்தானாம். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா சபையோட சேர்ந்து விசுவாசப் பிரமாணம் (ஆராதனையில எல்லாரும் ஒண்ணா சொல்ற விசுவாச அறிக்கை) சொல்லும்போது எனக்கு தண்ணி மாதிரி ஓடும், சின்னப் பிள்ளையில பக்கத்துல தேவதூதன் வந்து நிக்கிறார்னே நினைச்சிட்டிருந்தேன். அது திக்குற எல்லாருக்கும் நடக்குற விஷயம்னு தெரபி மேடம் சொன்னதும் ஒரு வாரம் மனசே சரியில்ல. அப்புறம் யோசிச்சா, சபை கூட சேர்ந்தா வாய் திறக்குதுன்னா அதுவும் நல்லாத்தானே இருக்கு.

அந்த சமயத்துலதான் பைபிள்ல யாத்திராகமம் 4ஆம் அதிகாரம் படிச்சேன். சண்டே கிளாஸ்ல கோல் பாம்பாகுற கதை சொல்லித் தருவாங்க, மோசே கைய மடியில விட்டு எடுத்தா குஷ்டம், திரும்ப விட்டு எடுத்தா சுத்தம், அதுவும் சொல்வாங்க. அதே அதிகாரத்துல அதுக்கு மூணு வசனம் தள்ளி, எகிப்து ராஜா பார்வோன்கிட்ட போய்ப் பேசுன்னு கர்த்தர் அனுப்புறப்போ, மோசே 'நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்'ங்கிறார். இப்பத்தான் கைய ஒரு நொடியில சரி பண்ணிக் காட்டினவர், வாயை சரி பண்ணவே இல்ல! மனுஷனுக்கு வாயை உண்டாக்கினது யாருன்னு கேக்குறாரு, நான் உன் வாயோட இருப்பேன்னு சொல்றாரு, இவர் வேற யாரையாவது அனுப்பும்னு அடம் பிடிக்கவும் கோபமும் படுறாரு, கடைசியில உங்க அண்ணன் ஆரோன் நல்லா பேசுவான் அவனைக் கூட்டிட்டுப் போன்னுட்டாரு. மோசேக்கு 80 வயசு, ஆரோனுக்கு 83, ரெண்டு கிழவனும் பார்வோன் அரண்மனைக்கு நடந்து போறாங்க. விசுவாசம் பத்தலன்னு அங்க யாரும் சொல்லல. நான் அன்னைக்கு ராத்திரி அந்த அதிகாரத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது.

அடுத்த மாசம் சபையில முதல் பாடம் (ஆராதனையில வாசிக்கிற முதல் பைபிள் பகுதி) வாசிக்க நானே பேர் கொடுத்தேன். வந்தது 1 சாமுவேல் 7. முதல் வரியே 'கீரியாத்யாரீமின் மனுஷர்'! கர்த்தருக்கு நல்ல ஹ்யூமர் சென்ஸ்னு நினைச்சுக்கிட்டேன். நின்னேன், கீ..ல மாட்டிக்கிட்டேன், ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது, முன் பெஞ்சுல ஒரு பாட்டி கண்ணாடிய கழட்டி சேலையில துடைச்சிட்டு நிதானமா திரும்ப மாட்டினாங்க, நான் இன்னும் கீ..லயேதான் இருந்தேன். யாரும் எடுத்துக் கொடுக்கல, யாரும் சிரிக்கல. வந்துச்சு. முடிச்சேன். வெளிய வரும்போது அந்தப் பாட்டி 'மக்கா, நல்லா நிறுத்தி வாசிச்ச, எனக்கு காது மந்தம், இன்னைக்குத்தான் முழுசா கேட்டுச்சு'ன்னாங்க.

மாஹிம் அக்கா:

தம்பி, படிச்சிட்டு அழுதுட்டேன். நாங்க கத்தோலிக்கர், மாஹிம் புனித மைக்கேல் கோயில் புதன்கிழமை நொவேனா (வாராவாரம் நடக்குற வேண்டுதல் ஜெபம்) எங்களுக்கு உயிர். 1948லேருந்து நடக்குது, எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க, வாசல்ல மெழுகுல கை கால் வீடு குழந்தைன்னு வித்துட்டிருப்பாங்க. 2020ல எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு, கோயிலும் அப்போ பூட்டித்தான் கிடந்துச்சு. திறந்ததும் போனேன், மெழுகுல என்ன வாங்குறதுன்னே தெரியல, வேலைக்கு என்ன உருவம்? சும்மா ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏத்திட்டு வந்தேன். நொவேனால நன்றிக் கடிதம் வாசிப்பாங்க இல்லியா, ஒரு பொம்பளை மூணு வருஷம் கேட்டும் கிடைக்கல, ஆனா புதன்கிழமைன்னு ஒண்ணு இருந்ததாலதான் மத்த ஆறு நாளை ஓட்டினேன்னு எழுதியிருந்தா. கிடைக்காததுக்கு நன்றி சொன்ன ஒரே கடிதம் நான் கேட்டது அதுதான். மறுநாளே நாலு வீட்டுக்கு டிபன் டப்பா ஆரம்பிச்சேன், சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு முதல் நாளே போன் வந்துச்சு, அது வேற கதை.

கல்யாண் ஆளு:

சந்தோஷமான கதைங்களுக்கு நடுவுல இதைச் சொல்றதுக்கு மன்னிக்கணும். எங்க அம்மா போய்ட்டு இருந்த கூட்டத்துல 'வாயால நெகட்டிவ் அறிக்கை பண்ணாதீங்க', அதாவது நோய், வலின்னு வாயால சொல்லவே கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அம்மாவுக்கு சுகர். கால் விரல்ல செருப்பு கடிச்சு புண்ணு, கேட்டா 'நான் சுகமா இருக்கேன்'. வலிக்குதான்னா 'இயேசுவின் தழும்புகளால் குணமானேன்'. சுகர்காரங்களுக்கு கால்ல உணர்ச்சி மரத்துப் போகும், அதனால வலி தெரியலங்கிறதையும் சுகம்னே நினைச்சிட்டாங்க. வாடை வந்த அப்புறம்தான் நான் சாக்ஸைக் கழட்டிப் பாத்தேன். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிடுச்சு. விசுவாசத்தை நான் குறை சொல்லல, நானும் விசுவாசிதான். ஆனா பைபிள்ல சங்கீதப் புத்தகத்துல 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்'னு கேக்குறவன் முதல்ல கலங்குறேன்னு ஒத்துக்கிறானே! 88ஆம் சங்கீதம் இருட்டுலயே முடியுது, அதையும்தானே வேதத்துல வச்சிருக்காங்க. இப்போ அம்மா தினமும் ராத்திரி ஜெபத்துக்கு முன்னாடி கண்ணாடிய தரையில வச்சு பாதத்தைப் பாக்குறாங்க, பாத்துட்டுத்தான் ஸ்தோத்திரம் சொல்றாங்க.

புதுசா வந்தவன்:

எனக்கு ஒண்ணும் பெரிய சாட்சி இல்ல. போன வருஷம் ரொம்ப இருட்டா இருந்துச்சு, சாகலாம்னு கூட தோணுச்சு. எங்க சபை ஐயர் (போதகர்) வசனம் எதுவும் சொல்லல, சாப்பிட்டியான்னு கேட்டாரு, அப்புறம் 14416க்கு அவரே போன் போட்டுக் கொடுத்தாரு, டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயும் பேசுறாங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ சாகணும்னு படுத்தப்போ தூதன் அடையும் தண்ணியும்தான் கொடுத்தான்னு அவர் சொன்னது ஒரு மாசம் கழிச்சு. யாருக்காவது உதவுமேன்னு போட்டேன்.

சயான்காரன்:

கல்யாண் அண்ணே, மன்னிப்பெல்லாம் எதுக்கு, அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க. புதுசா வந்த தம்பி, நீங்க சொன்னதுதான் பெரிய சாட்சி, நம்பரை நான் சேவ் பண்ணிட்டேன். அக்கா, டிபன் டப்பா சயானுக்கு வருமா?

குர்லா என்னாச்சுன்னு இன்பாக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. இப்போ மொபைல்லயே டிக்கெட் எடுக்கலாம், வாயே திறக்க வேணாம், ஆனாலும் செவ்வாய்க்கிழமை மட்டும் வேணும்னே லைன்ல நிப்பேன். போன வாரம் என்னைப் பாத்ததும் கவுண்டர்ல இருக்குறவரு நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே 'வித்யாவிஹார்?'னு பட்டனை அமுக்கப் போயிட்டாரு. நான் கைய ஆட்டி நிறுத்தினேன். நாலு செகண்டோ அஞ்சு செகண்டோ ஆச்சு, பின்னாடி யாரோ உச்சு கொட்டினாங்க. 'கு.. கு.. குர்லா'. அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, 'வீடு மாத்திட்டீங்களா?'ன்னு இந்தியில கேட்டாரு.