ஞாயிற்றுக்கிழமை எல் கிளாசிகோ: ஆட்டத்தைத் தீர்மானிக்கப்போகும் வீரர் யார்?

முகப்புத்திரை (காரைக்குடி), 24 அக்டோபர் 2025, வெள்ளி மாலை

நண்பர்களுக்கு வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாண்டியாகோ பெர்னபேயு அரங்கில் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மோதுகின்றன. ஸ்பெயினின் லீக் போட்டியான லா லீகாவில் இந்தப் பருவத்தின் முதல் எல் கிளாசிகோ இது. ஐப்பசி மழையை நம்ப முடியாது என்பதால், இம்முறை திரையைத் திறந்த முற்றமுள்ள வளவில் கட்டாமல் முகப்பிலேயே கட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். வழக்கம்போல ஒவ்வொருவரும் ஓர் அணிக்கு ஒருவர் என்று இரண்டு பெயர்களை, ஞாயிறு மாலை 6 மணிக்குள், காரணத்தோடு இங்கே எழுதிவிட வேண்டும். கோல் அடிப்பவர் யார் என்பதல்ல கேள்வி; எந்த வீரரின் ஆட்டத்தால் முடிவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும் என்பதே கேள்வி.

எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் சென்ற பருவத்தின் கணக்கு. நான்கு முறை மோதி நான்கிலும் பார்சிலோனா வென்றது: பெர்னபேயுவில் 4-0, ஜெத்தாவில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியில் 5-2, செவில்லாவில் நடந்த கோபா டெல் ரே இறுதியில் கூடுதல் நேரத்தில் 3-2, மே மாதம் லீக்கில் 4-3. இந்த நான்கு ஆட்டங்களிலும் பார்சிலோனா அடித்த 16 கோல்களில் ரஃபின்யா 5, லெவாண்டோவ்ஸ்கி 3 என்று சரிபாதியை இருவர் மட்டுமே அடித்திருக்கிறார்கள். அந்த இருவருமே காயத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆடப்போவதில்லை. மறுபக்கம் மாட்ரிட் அடித்தது மொத்தம் 7 கோல்கள்; அவற்றில் 5 எம்பாப்பே அடித்தவை. அவ்வளவு அடித்தும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் அணி வெல்லவில்லை என்றால், அவரை ஆட்டத்தைத் தீர்மானிக்கும் வீரர் என்று எப்படிச் சொல்வது? பாதி கோல்களை அடித்தவர்களை இழந்த அணியில் யமாலின் பெயரை யோசிக்காமலே எழுதிவிடலாமா?

பந்தயம் பற்றி ஒரு வார்த்தை. சஷ்டி விரதத்தில் பலர் இருப்பதால் இம்முறை கறிச் சாப்பாடு கிடையாது. தோற்றவர்கள் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வாங்கித்தர வேண்டும். விரதக்காரர்களின் பங்கு திங்கட்கிழமை சூரசம்ஹாரம் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

---

தேவகோட்டை ஆட்டக்களம், 24 அக்டோபர் 2025, வெள்ளி இரவு

எம்பாப்பேயைப் பற்றிய உங்கள் கேள்விக்கான விடை சென்ற அக்டோபரில் நடந்த 4-0 ஆட்டத்திலேயே இருக்கிறது. அன்று மாட்ரிட் வீரர்கள் 12 முறை ஆஃப்சைடில், அதாவது பந்து புறப்படும் முன்பே எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டிவிட்ட தவறில், சிக்கினார்கள். அதில் 8 முறை சிக்கியவர் எம்பாப்பே. அவர் வேகம் குறைந்துவிட்டதாக அன்று பலரும் எழுதினார்கள். என் பார்வையில் அது முழுக்கத் தவறான வாசிப்பு. ஆஃப்சைடு என்பது ஓடுகிறவர் பந்தைப் பெறும் நேரத்தில் அல்ல, சக வீரரின் காலை விட்டுப் பந்து புறப்படும் நேரத்தில் கணக்கிடப்படுவது. அதனால் பந்தைக் கொடுப்பவருக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கும் நேரம் கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் முன்னால் ஓடுபவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக்கின் தற்காப்பு வரிசை அவ்வளவு தூரம் மேலே ஏறி நிற்க முடிந்ததற்குக் காரணம், ரஃபின்யாவும் மற்ற முன்கள வீரர்களும் பந்தை வைத்திருப்பவரை மூச்சுவிட விடாமல் நெருக்கியதுதான். ரஃபின்யா அடித்த கோல்களை வேறு யாராவது ஈடு செய்யலாம். அவர் நெருக்கிய நெருக்கலை யார் ஈடு செய்வார் என்பதே எனக்குத் தெரிந்து பார்சிலோனாவின் பெரிய சிக்கல்.

அதோடு, அந்த வரிசைக்குக் குரல் கொடுத்து ஒரே கோட்டில் ஏற்றி இறக்கிய இனீகோ மார்டினஸ் ஆகஸ்ட் மாதம் அல் நசருக்குப் போய்விட்டார். இப்போது அந்த வரிசையில் நிற்கும் இளம் வீரர் குபார்சி திறமையானவர்தான், ஆனால் பக்கத்தில் நின்று ஒரு மூத்தவர் சொல்ல ஏறுவதும், தானே முடிவெடுத்து ஏறுவதும் ஒன்றல்ல. பாரிஸ் அணியிடம் 2-1 என்றும் செவில்லாவிடம் 4-1 என்றும் இந்த மாதம் தோற்றபோது அந்தத் தடுமாற்றத்தை எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே மாட்ரிட்டிலிருந்து நான் சொல்லும் பெயர் எம்பாப்பே அல்ல, அவருக்குப் பந்து கொடுக்கப்போகும் அர்தா குலேர். 20 வயதுதான் ஆகிறது. சாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்த பிறகு நடுக்களத்தில் நிலையான இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடது காலிலிருந்து பந்து அரை நொடி முன்னதாகப் புறப்பட்டாலே போதும், சென்ற ஆண்டு கொடி உயர்ந்த ஓட்டங்களில் பாதி இந்த ஆண்டு கோல்கீப்பருக்கு எதிரே தனியாக நிற்கும் வாய்ப்பாக மாறிவிடும். பார்சிலோனாவிலிருந்து பெட்ரி. காரணம் சுருக்கமானது: பந்து அவர் காலில் இருக்கும்வரை குலேரிடம் இருக்க முடியாது.

---

பள்ளத்தூர் பிளாக்ரானா, 25 அக்டோபர் 2025, சனி காலை

அண்ணன் சொல்வதில் தற்காப்பு வரிசை பற்றிய பகுதியை ஏற்கிறேன். அதிலிருந்து பெட்ரிக்கு வந்து சேர்வதை ஏற்க முடியவில்லை. இருவர் இல்லாத அணியில் எதிரணியின் திட்டம் முழுவதும் யாரைச் சுற்றி எழுதப்படும் என்று பாருங்கள். யமாலைத் தவிர வேறு யார்? சிராவயல் மஞ்சுவிரட்டில் பெயர் பெற்ற காளை ஒன்று திடலுக்குள் வந்தவுடன் சுற்றியிருக்கும் கூட்டமெல்லாம் அதன் பக்கமே நகர்ந்து, மற்ற மாடுகளுக்குத் தானாக வழி பிறப்பதைப் பார்த்திருப்பீர்கள். யமால் வலது ஓரத்தில் பந்தைத் தொட்டவுடன் அதுதான் நடக்கிறது. ஒருவர் எதிரே நிற்பார், இன்னொருவர் உள்பக்கம் காவலுக்கு வருவார், நடுக்களத்திலிருந்து மூன்றாமவர் ஓர் அடி நகர்வார். அப்போது இடது ஓரத்தில் ராஷ்ஃபோர்டும், பெனால்டி பெட்டிக்குள் பின்னாலிருந்து ஓடிவரும் ஃபெர்மின் லோபஸும் காலியான இடத்தில் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை ஒலிம்பியாகோஸை 6-1 என்று வென்ற ஆட்டத்தில் ஃபெர்மின் மூன்று கோலும் ராஷ்ஃபோர்ட் இரண்டு கோலும் அடித்தார்கள். யமால் அடித்தது ஒரே ஒரு பெனால்டி. ஆனாலும் அந்த இருவருக்கும் இடம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இடுப்புக்குக் கீழே இருந்த காயத்திலிருந்து அவர் சென்ற வாரம்தான் திரும்பினார் என்பது உண்மை. முழு வேகம் இன்னும் வரவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. மாட்ரிட்டைச் சீண்டி இந்த வாரம் அவர் விளையாட்டாகப் பேசியது அரங்கில் ஒவ்வொரு தொடுதலுக்கும் விசில் சத்தத்தை வரவழைக்கும். 18 வயதுப் பையனுக்கு இது தேவையா என்று என் அப்பச்சி கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு இதே பெர்னபேயுவில் 77ஆவது நிமிடம் வலது காலால் வலையின் மேல்பகுதியில் அடித்தவர் அவர். கூட்டத்தின் சத்தத்துக்குப் பயப்படுகிற ஆள் அல்ல.

எதிர்ப்பக்கம் நான் சொல்லும் பெயர் மாட்ரிட்டின் இடப்பக்கத் தற்காப்பு வீரர் ஆல்வரோ கரேராஸ். இந்தப் பருவம்தான் பென்ஃபிகாவிலிருந்து வந்தார். யமாலை அவர் ஒற்றையாளாக நிறுத்திவிட்டால் மாட்ரிட் நடுக்களத்தில் ஓர் ஆள் மிச்சம். நிறுத்தாவிட்டால் குலேர் பந்து கொடுப்பதை விட்டுவிட்டுக் காவலுக்கு ஓட வேண்டியிருக்கும். அண்ணன் தேர்ந்தெடுத்தவர் எப்படி ஆடுவார் என்பதே கரேராஸின் கையில்தான் இருக்கிறது.

---

முகப்புத்திரை (காரைக்குடி), 25 அக்டோபர் 2025, சனி காலை

இரண்டு பேரின் பெயர்களையும் குறித்துக்கொண்டேன். ஹான்சி ஃபிளிக் ஜிரோனா ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதால் ஞாயிற்றுக்கிழமை அணியின் இருக்கையில் இருக்க மாட்டார், உதவிப் பயிற்சியாளர் மார்கஸ் சோர்க்தான் கோட்டோரம் நிற்பார் என்பதை யாரும் குறிப்பிடவில்லையே? வரிசை ஏறுவதும் இறங்குவதும் ஆட்டத்தின் நடுவே மாற்றப்பட வேண்டிய நிலை வந்தால் அது பாதிக்காதா?

---

கோட்டையூர் கப்பல்காரர் (இப்போது சிங்கப்பூர்), 25 அக்டோபர் 2025, சனி மதியம்

பாதிக்கும்தான், ஆனால் அது இரண்டாம் பாதியின் கவலை. முதலில் நேரத்தைப் பற்றி ஒரு நினைவூட்டல். ஐரோப்பாவில் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதனால் அங்கே மாலை 4.15க்குத் தொடங்கும் ஆட்டம் நம் ஊரில் இரவு 8.45க்கு வரும். பழைய கணக்கை வைத்து 7.45க்கு வந்து உட்காருபவர்கள் ஒரு மணி நேரம் கொசுக்கடி வாங்குவார்கள். எனக்கு இங்கே இரவு 11.15, மறுநாள் வேலை.

மாட்ரிட்டிலிருந்து நான் சொல்லும் பெயர் ஜூட் பெல்லிங்ஹாம். இதற்கு ஆழமான ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. 2023 அக்டோபரில் பார்சிலோனாவின் அப்போதைய அரங்கான மொன்ஜுயிக்கில் மாட்ரிட் 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவர் அடித்தவை. இரண்டாவது கூடுதல் நிமிடங்களில் வந்தது. 2024 ஏப்ரலில் பெர்னபேயுவில் 3-2 என்று முடிந்த ஆட்டத்திலும் 91ஆவது நிமிடம் வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் பருவத்தின் தொடக்கத்தில் ஆட முடியாமல் இருந்தவர், புதன்கிழமை யுவென்டஸுக்கு எதிரான ஒரே கோலை அடித்துத் திரும்பியிருக்கிறார். பார்சிலோனாவின் வரிசை எம்பாப்பேயைப் பார்த்துப் பின்வாங்கும்போது அதற்கும் நடுக்களத்துக்கும் இடையே திறக்கும் இடத்தில் வந்து நிற்பவர் இவர்தான்.

பார்சிலோனாவிலிருந்து கோல்கீப்பர் ஷெஸ்னி. ஜோன் கார்சியாவுக்கு முழங்காலில் காயம் என்பதால் இவர்தான் நிற்கப்போகிறார். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் விழும் பந்துக்கெல்லாம் பெட்டியை விட்டு வெளியே ஓடிவர வேண்டியவர் 35 வயதுக்காரர். இதே எம்பாப்பேயை ஜெத்தாவில் பெட்டிக்கு வெளியே வீழ்த்திச் சிவப்பு அட்டை வாங்கியவரும்கூட. அன்று பார்சிலோனா ஏற்கெனவே 5-1 என்று முன்னிலையில் இருந்ததால் பத்துப் பேரோடு தப்பித்தது.

---

தேவகோட்டை ஆட்டக்களம், 25 அக்டோபர் 2025, சனி மாலை

கப்பல்காரர் அண்ணன் ஷெஸ்னியைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் நினைத்துப் பார்க்காத பெயர். பள்ளத்தூர் தம்பிக்கு ஒன்று மட்டும். கரேராஸை மட்டும் பார்க்கிறீர்கள். எதிர் ஓரத்தையும் பாருங்கள். மாட்ரிட்டில் வலப்பக்கத் தற்காப்பு வீரர்கள் காயத்திலிருந்து இப்போதுதான் மீண்டு வருவதால் அங்கே வால்வெர்டே இறங்கக்கூடும். ராஷ்ஃபோர்டுக்குக் காலியிடம் கிடைத்தாலும், வால்வெர்டேயின் ஓட்டத்தைத் தாண்டித்தான் அதை அவர் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று: ஒன்பது லீக் ஆட்டங்களில் எம்பாப்பே 10 கோல் அடித்திருக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. அவர் அடிப்பார், சென்ற ஆண்டும் அடித்தார். அடித்த பிறகும் ஆட்டம் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைப்பவர் யார் என்பதே நம் கேள்வி. அட்லெட்டிகோவிடம் 5-2 என்று தோற்ற அன்று எம்பாப்பேயும் குலேரும் கோல் அடித்தார்கள், பிடித்து வைக்க யாரும் இருக்கவில்லை.

---

பள்ளத்தூர் பிளாக்ரானா, 25 அக்டோபர் 2025, சனி இரவு

அப்படியானால் உங்கள் கேள்விக்கே குலேர் விடை ஆகவில்லையே, அண்ணே? அவரும் அன்று கோல் அடித்தவர்களில்தானே வருகிறார். பெயரை மாற்றிக்கொள்ள நாளை மாலைவரை நேரம் இருக்கிறது.

முகப்புத்திரை அண்ணனிடம் விதி பற்றி ஒரு சந்தேகம். ஷெஸ்னியின் கதையைப் படித்தபோது தோன்றியது. நாம் சொல்லும் வீரர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, அதனாலேயே அணி தோற்றால், அவரை ஆட்டத்தைத் தீர்மானித்தவர் என்று ஏற்பீர்களா?

---

முகப்புத்திரை (காரைக்குடி), 26 அக்டோபர் 2025, ஞாயிறு காலை

ஏற்பேன், ஆனால் அப்படி நடக்கக்கூடும் என்பதைக் காரணத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தால் மட்டும். ஆகவே ஷெஸ்னி வெளியேற்றப்பட்டால் கப்பல்காரர் அண்ணனுக்குப் புள்ளி உண்டு, பெட்ரி வெளியேற்றப்பட்டால் தேவகோட்டைக்காரருக்குக் கிடையாது. பந்தைக் கைவசம் வைத்திருப்பதற்காகத்தான் அவர் பெட்ரியைச் சொன்னார்.

என் இரண்டு பெயர்கள்: மாட்ரிட்டிலிருந்து பெல்லிங்ஹாம், பார்சிலோனாவிலிருந்து குபார்சி. வரிசை எப்போது ஏறுவது என்ற முடிவு அந்த இளைஞரின் தலையில் இருக்கும்போது, அவருக்கு எதிரே அந்த இடைவெளியைத் தேடி வரப்போகிறவர் பெல்லிங்ஹாம் என்பதால் இரண்டையும் ஒரே காரணமாகக் கொள்ளலாம். இன்னும் எழுதாதவர்கள் 6 மணிக்குள் எழுதிவிடுங்கள். 8.30க்குப் பிறகு வருகிறவர்களுக்கு முகப்பில் தூண் மறைக்கும் இடம்தான் மிச்சம் இருக்கும்.