வெயில் ஏறினால் லேன் இணைப்பு விட்டு விட்டுப் போகிறது, என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் சொந்த வீடு. ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது, என் கம்ப்யூட்டர் மாடி அறையில். மாடிக்கு வைஃபை சரியாக எட்டாது, அதனால் 2 வருடத்துக்கு முன்பு வீட்டு வயரிங் பார்த்த எலக்ட்ரீசியனிடமே சொல்லி ஒரு லேன் கேபிள் இழுத்துக்கொண்டேன். ஹால் ஜன்னல் வழியாக வெளியே போய், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடி, என் அறைக்குள் இறங்கும். மொத்தம் 30 மீட்டர் இருக்கும்.

போன மாதம் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது காலை 11 மணிக்கு மேல் திடீரென்று டாஸ்க்பாரில் இணைப்பு இல்லை என்று காட்டும் உலக உருண்டைப் படம் வருகிறது, ஐந்து பத்து நொடியில் தானாகவே சரியாகிவிடுகிறது, அப்புறம் கால் மணி நேரம் கழித்து மறுபடியும். நான் ஆடிட்டர் அலுவலக வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவன், ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் எல்லாமே. 20ஆம் தேதிக்குள் எல்லா கிளையன்ட்டுக்கும் ஜிஎஸ்டியின் 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், பாதி என்ட்ரியில் திரை உறைந்து நின்றால் எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ரூட்டரை அணைத்துப் போட்டேன், ரூட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், விண்டோஸில் நெட்வொர்க் ரீசெட்டும் செய்தாகிவிட்டது. இணைய கம்பெனியில் புகார் கொடுத்ததற்கு ஆள் வந்தார், ஆனால் வந்தது மாலை 6 மணிக்கு. அப்போது ஒரு தடங்கலும் இல்லை. என் கம்ப்யூட்டரிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டு 94 வந்ததைக் காட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பிளான் 200 எம்பிபிஎஸ். புது நெட்வொர்க் கார்டு வாங்கலாமா, ரூட்டரையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எந்த இடத்தில் அறுகிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் பணமும் போகும், 20ஆம் தேதியும் வந்துவிடும்.

கமாண்ட் பிராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து வையுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குக் கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. ஒன்றில் பிங் என்று அடித்து இடைவெளி விட்டு 192.168.1.1, மறுபடி இடைவெளி விட்டு மைனஸ் டி (உங்கள் ரூட்டர் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்). இன்னொன்றில் அதேபோல் 8.8.8.8, அது இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி. இரண்டையும் காலை முதல் ஓடவிட்டு வேலையைப் பாருங்கள். ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரூட்டரிலோ கம்பெனி லைனிலோ இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் உங்கள் வீட்டுக்குள்ளேதான், அதற்குக் கம்பெனி ஆளை எத்தனை தடவை கூப்பிட்டும் பயனில்லை.

நிற்கும்போது என்ன எழுத்து வருகிறது என்பதையும் பாருங்கள். ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்றால் கேட்டதற்குப் பதில் திரும்பவில்லை. ஜெனரல் ஃபெயிலியர் என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் லேன் இணைப்பே அந்த நொடியில் விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டும் வேறு வேறு நோய். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய்ப் பாருங்கள், லிங்க் துண்டானதை நெட்வொர்க் கார்டின் டிரைவர் பெரும்பாலும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கும்.

பொருநை:
மேலே சொன்னதோடு இதையும் செய்து பாருங்கள் சார், காசு செலவில்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்பதற்கு டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்ற பெயரில் இருப்பதையும் டிஸேபிள் செய்யுங்கள். டேட்டா போகாத நேரத்தில் போர்ட்டைத் தூங்க வைக்கும் ஏற்பாடு அது, சில கார்டும் சில ரூட்டரும் அதில் ஒத்துப்போகாமல் லிங்க் விழும். எங்கள் வீட்டில் மூன்று வாரம் படுத்தியது இதுதான். ஆனால் ஒன்று, எங்களுக்கு இரவு பகல் எல்லா நேரமும் விழுந்தது, உங்களுக்குப் பகலில் மட்டும் என்பது எனக்கு இடிக்கிறது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. பவர் விஷயங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், மாற்றம் இல்லை. பிங் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன, வருவது ஜெனரல் ஃபெயிலியர். ஈவென்ட் வியூவரில் இன்று மட்டும் 14 முறை துண்டாகியிருக்கிறது. முதலாவது 11:20, கடைசி 3:40. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காவிரிப்பூம்பட்டினம்:
10 வருடமாக கேமரா, லேன் வேலை செய்கிறேன். உங்கள் முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது, அந்த 94.

200 எம்பிபிஎஸ் பிளானில் 94 வந்தால் அது நல்ல வேகம் இல்லை. கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம், அதில் ஸ்பீடு டெஸ்ட் 94 பக்கம்தான் நிற்கும். ரூட்டர் போர்ட்டும் கார்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வகையாக இருந்தும் (அதை ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்) 100இல் ஓடினால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். கேபிளுக்குள் 8 கம்பி, 4 ஜோடி. 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்தால் சில கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும், நமக்குத் தெரியாது. ஆக, உங்கள் கேபிளில் ஏற்கெனவே ஒரு ஜோடி போய்விட்டது, மிச்சத்தில் ஒன்று இப்போது ஊசலாடுகிறது.

வெயில் நேரத்தில் மட்டும் என்றால், மொட்டை மாடியில் ஓடும் பகுதியைப் பாருங்கள். சூட்டில் கம்பியின் மின்தடை கொஞ்சம் கூடும் என்பது உண்மை, ஆனால் 30 மீட்டரில் அது மட்டும் லிங்க்கை அறுக்காது. நடுவில் எங்கேயோ ஜாயின்ட் இருக்க வேண்டும். சூட்டில் அது விரிந்து விலகும், சாயங்காலம் குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். கரன்ட் வேலை செய்பவர்கள் கேபிள் நீளம் போதாவிட்டால் விளக்கு வயரைப் போல முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள், நான் நிறைய பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் படித்த வேலை வேறு.

நாளை 12 மணிக்குக் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுபோய் சின்ன பேட்ச் கேபிளில் (இரு முனையிலும் பிளக்கோடு கடையில் கிடைக்கும் குட்டை லேன் கேபிள்) ரூட்டரோடு நேராகப் போட்டுப் பாருங்கள். லிங்க் அறுபடவில்லை, ஸ்பீடும் 200ஐத் தொடுகிறது என்றால் கார்டும் ரூட்டரும் தப்பித்தன. அப்புறம் கேபிளை அடி அடியாகக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஒரு முனையில் பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டியும் பாருங்கள், உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. நாலு முறை வளைத்தால் ஒடியும், அதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை.

வைகைக்கரை:
சார், கண்டுபிடித்துவிட்டேன். கீழே நேராகப் போட்டதில் ஸ்பீடு 190க்கு மேல், இரண்டு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை. அப்புறம் கம்ப்யூட்டரை அறையில் பழைய கேபிளிலேயே மாட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரின் மேற்கு முகத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. டேப் வெயிலில் இளகிப் பிசினாக வழிந்து கையில் ஒட்டியது. பிரித்தால் எட்டுக் கம்பியும் தனித்தனியாக முறுக்கியிருக்கிறது, பழுப்பு ஒன்று முழுசாகவே விட்டுப்போயிருக்கிறது, பச்சை ஒன்று தொட்டால் ஆடுகிறது. அதைத் தொட்ட நேரத்தில் கீழே அறையில் என் மனைவி பிங் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நின்றுவிட்டது என்று சத்தம் போட்டார். சுரண்டியும் பார்த்தேன், உள்ளே வெள்ளிதான். வெளி உறையும் அந்தப் பக்கம் முழுக்க வெடித்திருக்கிறது. என்ன கேபிள் வாங்க வேண்டும்?

காவிரிப்பூம்பட்டினம்:
முழுச் செம்பு என்று எழுதிய கேட் 6 வகை லேன் கேபிள், வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை உள்ளது. வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற உறை வெயிலில் வெடிக்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரே நீளமாக இழுங்கள், நடுவில் ஒட்டே கூடாது, பிவிசி பைப்புக்குள் விடுங்கள். மோட்டார் லைன் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து விட்டுவிடாதீர்கள், 230 வோல்ட்டும் லேன் கேபிளும் ஒரே பைப்பில் போவது ஆபத்து.

கிரிம்ப் செய்பவரிடம், அதாவது கேபிள் முனையில் பிளக் மாட்டுபவரிடம், கம்பிகளின் வண்ண வரிசையைச் சொல்லிவிடுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரு முனையும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று சிலர் ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்குவார்கள். அப்படிச் செய்தால் ஒரே ஜோடியாக இருக்க வேண்டிய 3ம் 6ம் வேறு வேறு ஜோடியில் விழும். விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் எட்டையும் சரி என்றுதான் காட்டும், ஆனால் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலந்து லிங்க் மறுபடி தகராறு செய்யும்.

ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது இரு முனையையும் கழற்றி வையுங்கள். மொட்டை மாடியில் ஓடும் செம்புக் கேபிள் வழியாகப் போர்ட் கருகியதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பொருநை:
அந்த 94ஐ நான் கவனிக்கவே இல்லை சார், நல்ல பாடம். எங்கள் வீட்டிலும் இப்போதே பார்க்கிறேன்.

வைகைக்கரை:
சனிக்கிழமை புதுக் கேபிள் போட்டாகிவிட்டது. 35 மீட்டர், ஒரே நீளம், பைப்புக்குள். வண்ண வரிசையைக் காகிதத்தில் எழுதி கிரிம்ப் செய்தவர் கையில் கொடுத்தேன். லிங்க் 1000 காட்டுகிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நல்ல வெயில், காலை 9 முதல் மாலை 6 வரை பிங் ஓடவிட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. மிச்சமிருந்த 3பி எல்லாம் நேற்றே போட்டுவிட்டேன். மூவருக்கும் மிக்க நன்றி.